ஸ்பானிஷ் படிவத்தில் கல்யாண நிலை: ‘உனியோன் லிப்ரே’ எந்தக் கட்டத்தில் வரும்? ‘செர்’ஆ, ‘எஸ்தார்’ஆ?

கரும்பலகை:

வணக்கம் மக்களே. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன், எழுத எழுத மூன்றாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக் ஆபீஸ் வேலை. மெக்சிகோ, கொலம்பியா, சிலி, ஸ்பெயின் பக்கமிருந்து வரும் கடன் விண்ணப்பம், காப்பீட்டு விண்ணப்பம் எல்லாவற்றையும் படித்து எங்கள் ஷீட்டில் ஏற்ற வேண்டும். ஷீட்டில் கல்யாண நிலைக்கு நாலே கட்டம்தான் இருக்கிறது: ஆகாதவர், ஆனவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். படிவத்தில் ‘எஸ்தாதோ சிவில்’, அதாவது கல்யாண நிலை என்ற இடத்தில் அதே வரிசைப்படி சொல்தேரோ, காசாதோ, திவோர்சியாதோ, வியூதோ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். பெண் என்றால் கடைசி ‘ஓ’ போய் ‘ஆ’ வரும், சொல்தேரா, காசாதா என்று, அதுவும் தெரியும்.

தலைவலி மற்றதில்தான். மெக்சிகோக்காரர் ‘உனியோன் லிப்ரே’ என்று எழுதுகிறார், இன்னொரு தாளில் அதே ஆளுக்கு ‘கொங்குபினாத்தோ’ என்று இருக்கிறது. கொலம்பியப் பத்திரத்தில் ‘சொல்தேரோ கோன் உனியோன் மரித்தால் தே ஏச்சோ’ என்று வருகிறது, அதாவது கல்யாணமாகாதவர் ஆனால் கூட ஒருவர் இருக்கிறார் என்கிற மாதிரி. இது முன்னுக்குப் பின் முரணாக இல்லையா? சிலியிலிருந்து ‘கோன்விவியென்தே சிவில்’. இதையெல்லாம் எதில் போடுவது?

மூன்றாவது, வேலைக்குச் சம்பந்தமில்லாதது. மாலையில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். ‘இரு’ என்ற வினைக்கு ஸ்பானிஷில் இரண்டு சொல், நிரந்தரமான விஷயத்துக்கு ‘செர்’, மாறக்கூடியதற்கு ‘எஸ்தார்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் கல்யாணம் ஆனவரை ஏன் எஸ்தார் போட்டு ‘எஸ்தா காசாதோ’ என்கிறார்கள்? அவர்கள் ஊரில் கல்யாணமே தற்காலிகம்தானா? சில படிவத்தில் செர் போட்டு ‘எஸ் காசாதோ’ என்றும் பார்த்தேன். எது சரி?


தெக்கத்திப்புயல்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால் ‘ஆனவர்’ கட்டத்தில் போடு, இல்லையென்றால் ‘ஆகாதவர்’. நாங்கள் போர்ச்சுகீஸ் ஃபைல் பார்க்கும்போது அப்படித்தான் தள்ளினோம்.


கோப்புக்கட்டு:

புயலண்ணே, அந்த வேலையைத் தயவுசெய்து இங்கே செய்யாதீர்கள். கடன், காப்பீடு என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு வீட்டை அடமானம் வைக்க யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், ஆள் போனால் பணம் யாருக்குப் போகும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. தள்ளிவிட்டால் பின்னால் சட்டப்பிரிவிலிருந்து வருவார்கள்.

கரும்பலகை, நான் கொலம்பியப் பத்திரங்களை ரொம்ப நாளாகப் பார்க்கிறேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்டது முரண் இல்லை. ‘சொல்தேரோ’ என்பது அவர் தனியாக இருக்கிறார் என்று சொல்லவில்லை, திருமணம் பதிவாகவில்லை என்று மட்டும் சொல்கிறது. அடுத்து வரும் ‘கோன் உனியோன் மரித்தால் தே ஏச்சோ’ என்பது, கல்யாணம் செய்யாமலே கணவன் மனைவியாக ஒருவரோடு குடும்பம் நடத்துகிறார் என்கிறது. 1990ஆம் ஆண்டின் 54ஆம் சட்டம் இதற்கென்றே வந்தது. இரண்டு வருடமாவது அப்படி வாழ்ந்திருந்தால், அந்தக் காலத்தில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சட்டம் ஆண், பெண் என்றுதான் எழுதியிருந்தது. 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரே பாலின இணைகளுக்கும் அது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. ஆகவே பெயரைப் பார்த்து இணை ஆணா பெண்ணா என்று நீங்களாக நிரப்பவும் கூடாது.

பத்திரத்தில் ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறார்கள் என்றால், 1996இல் குடும்ப வீட்டைப் பாதுகாக்க இன்னொரு சட்டம் வந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஒருவர் மட்டும் போய் விற்றுவிட முடியாது, இணையும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் வாங்குகிறவர், விற்கிறவர் எல்லாரிடமும் நோட்டரி வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்: கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையென்றால் யாரோடாவது குடும்பம் நடத்துகிறாரா என்று. அதன் பதில்தான் உங்கள் தாளில் இருக்கிறது. இல்லை என்பவருக்கு ‘சொல்தேரோ சின் உனியோன் மரித்தால் தே ஏச்சோ’ என்று எழுதுவார்கள். ‘கோன்’ என்றால் உடன், ‘சின்’ என்றால் இல்லாமல். இரண்டும் சின்னச் சொற்கள், கண்ணில் படாமல் ஓடிவிடும், நிதானமாகப் படியுங்கள்.

காசாதோவிலும் இரண்டு தினுசு உண்டு. ‘காசாதோ கோன் சொசியெதாத் கோன்யுகல் விஹென்தே’ என்றால் கல்யாணமும் இருக்கிறது, சொத்துக் கூட்டும் நடப்பில் இருக்கிறது. ‘திசுவெல்தா இ லிக்கிதாதா’ என்று முடிந்தால் கல்யாணம் அப்படியே இருக்கிறது, சொத்துக் கூட்டை மட்டும் கலைத்துப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். பாதிப் பேர் இந்த இடத்தில் ‘கலைக்கப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்ததும் விவாகரத்து என்று போட்டுவிடுகிறார்கள். அது விவாகரத்து இல்லை.

நேர்மாறாக, விவாகரத்து என்ற சொல்லே இல்லாமல் விவாகரத்து வரும். கத்தோலிக்கக் கல்யாணத்தைச் சட்டத்தால் உடைக்க முடியாது என்று திருச்சபை சொல்கிறதல்லவா, அதற்குக் கொலம்பியாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1991 அரசியலமைப்பும் அதையொட்டி 1992இல் வந்த 25ஆம் சட்டமும் என்ன சொல்கின்றன என்றால், கோயில் கல்யாணம் கோயிலோடு இருக்கட்டும், அதன் சிவில் விளைவுகள் மட்டும் நின்றுபோகும் என்கின்றன. தாளில் ‘செசாசியோன் தே எஃபெக்தோஸ் சிவிலெஸ்’ என்று இருக்கும். அதைக் கண்டால் விவாகரத்தானவர் கட்டத்தில் தைரியமாகப் போடலாம், அந்த ஆள் மறுபடி சிவில் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

மெக்சிகோ வேறு கதை. அங்கே 1859இலேயே, அதிபர் ஹுவாரெஸ் காலத்துச் சீர்திருத்தத்தில், திருமணத்தைத் திருச்சபையிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. அதனால் அங்கே இரண்டு கல்யாணம் சகஜம்: அரசிடம் பதிகிற ‘போர் எல் சிவில்’ ஒன்று, தேவாலயத்தில் நடக்கும் ‘போர் லா இக்லேசியா’ ஒன்று. தேவாலயத்தில் மட்டும் செய்துகொண்டவர் ஊருக்குக் காசாதோ, சட்டத்துக்குச் சொல்தேரோ. படிவத்தில் ‘காசாதா போர் லா இக்லேசியா’ என்று மட்டும் இருந்தால் நீங்களாக முடிவு செய்யாமல் திருப்பிக் கேளுங்கள்.

உனியோன் லிப்ரே, கொங்குபினாத்தோ இரண்டும் பெரும்பாலும் கல்யாணப் பதிவில்லாமல் சேர்ந்து வாழும் ஒரே குடும்பத்தைத்தான் குறிக்கும். முதலாவது மக்கள் பேசுகிற சொல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதுதான். இரண்டாவது சட்டப் புத்தகத்தின் சொல். மெக்சிகோ நகரத்துச் சிவில் சட்டப்படி இருவரும் வேறு கல்யாண பந்தம் இல்லாமல் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது குழந்தை பிறந்திருக்க வேண்டும். அப்புறம் ஜீவனாம்சம், வாரிசுரிமை எல்லாம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் காலக்கெடு மாறும். ஒரு முக்கியமான விஷயம், ‘கொங்குபினா’வுக்கு அகராதியைத் திறந்து ‘வைப்பாட்டி’ என்று எழுதிவிடாதீர்கள். பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கெட்ட வாடை உண்டுதான், ஆனால் மெக்சிகோ சட்டத் தாளில் அது உரிமை கொடுக்கிற சொல். ‘பதிவுத் திருமணமின்றி இணைந்து வாழ்பவர்’ என்று எழுதினால் போதும்.

உங்கள் ஷீட்டுக்கு என் யோசனை: ஐந்தாவது கட்டம் ஒன்று கேட்டு வாங்குங்கள், பக்கத்தில் மூலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே ஒட்ட ஒரு பத்தியும் வேண்டும். கட்டத்தை மட்டும் நம்பினால் ‘திசுவெல்தா இ லிக்கிதாதா’ மாதிரியானது காணாமல் போய்விடும்.


சுக்குமல்லி:

கோஸ்தா ரிக்காவில் ‘உன் காசாதோ’ கேட்டால் ஒரு தட்டில் சோறு, கறுப்பு பீன்ஸ், வறுத்த வாழைப்பழம், சாலட், ஒரு துண்டு இறைச்சி வைத்துத் தருவார்கள். கல்யாணமானவரைத் தின்கிற ஒரே நாடு. அப்புறம் ‘எஸ்போசாஸ்’ என்றால் மனைவிமார், கைவிலங்கும் அதே சொல்தான், ஸ்பானிஷ்காரர்களே இதை வைத்து அலுக்காமல் ஜோக் அடிப்பார்கள். சரி, நான் போகிறேன்.


இலக்கணப்பித்து:

செர், எஸ்தார் கேள்வியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

நிரந்தரம், தற்காலிகம் என்ற அந்தச் சூத்திரம் முதல் பாடத்துக்கு மட்டும்தான் உதவும். செத்துப்போனவர் ‘எஸ்தா முவேர்த்தோ’தான், ஒருபோதும் ‘எஸ்’ வராது. சாவைவிட நிரந்தரம் எது இருக்கிறது? எஸ்தார் பார்ப்பது காலத்தை இல்லை. ஏதோ ஒன்று நடந்தது, அது நடந்ததால் ஆள் இப்போது இந்த நிலையில் இருக்கிறார், அவ்வளவுதான். செர் என்றால் ஆளை ஒரு வகைக்குள் வைப்பது. தமிழிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன பாருங்கள். ‘அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது’ என்பது எஸ்தார் பக்கம். ‘அவர் கல்யாணமானவர்’ என்பது செர் பக்கம். இரண்டில் எதுவும் தப்பில்லை, எதற்காகச் சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே சொல்தேரோ, காசாதோ, வியூதோ, திவோர்சியாதோ நாலுக்கும் இரண்டு வினையும் வரும். ஸ்பெயினில் காசாதோவுக்கு எஸ்தார்தான் அதிகம் கேட்கும். லத்தீன் அமெரிக்காவில் ‘எஸ் காசாதோ’ தாராளமாகக் கேட்கலாம். வியூதாவுக்கு எல்லா இடத்திலும் ‘எஸ் வியூதா’ சர்வசாதாரணம். ஆனால் சில வாக்கியத்தில் தேர்வுக்கே இடமில்லை. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் செர் மட்டும்தான்: ‘சொய் உன் ஓம்ப்ரே காசாதோ’, நான் கல்யாணமான ஆம்பிளை. ‘இத்தனை வருடமாக’ என்று காலத்தைச் சேர்த்தாலோ, யாரோடு என்று சொன்னாலோ, எஸ்தார்தான் இயல்பு: ‘எஸ்தா காசாதா கோன் உன் மெக்சிகானோ’. புதுமணத் தம்பதி என்றாலும் ‘எஸ்தான் ரெசியேன் காசாதோஸ்’. பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்றால், பெயர்ச்சொல் பின்னால் வராத இடத்தில் கல்யாணம் பற்றி எதைக் கேட்டாலும் எஸ்தார் போடுங்கள், எந்த நாட்டுக்காரரும் தப்பு என்று சொல்ல மாட்டார்.

இன்னொன்று, இது தமிழ்க்காரர்கள் எல்லாரும் வழுக்குகிற இடம். நாம் ‘லூசியாவைக் கல்யாணம் பண்ணினேன்’ என்போம். ஸ்பானிஷில் ‘லூசியாவோடு’ என்றுதான் வரும், அதுவும் தன்வினைச் சேர்க்கையோடு: ‘மே காசே கோன் லூசியா’. அந்த ‘மே’யையும் ‘கோன்’ஐயும் விட்டுவிட்டு ‘காசே அ லூசியா’ என்று சொன்னால் அர்த்தமே புரண்டுவிடும், லூசியாவை இன்னொருவருக்கு நீங்கள் கட்டிவைத்தீர்கள் என்றாகும். பாதிரியாரோ நீதிபதியோ பேசினால் அது சரி, பெண்ணைப் பெற்றவர் பேசினாலும் சரி. காசார்சே என்றால் கட்டிக்கொள்வது, காசார் என்றால் கட்டிக்கொடுப்பது அல்லது கட்டிவைப்பது. நமக்கு இந்த ஜோடி தாய்மொழியிலேயே இருப்பதால் ஒருமுறை புரிந்தால் மறக்காது, வகுப்பில் மட்டும் யாரும் இப்படிச் சொல்லித்தருவதில்லை.

துணை இறப்பதற்குத் தனி வினையே இருக்கிறது, ‘என்வியுதார்’. பேச்சில் ‘செ கெதோ வியூதா’, துணையை இழந்து நின்றுவிட்டாள் என்பார்கள். இந்தக் ‘கெதார்சே’ சொல்தேராவோடும் வரும், அங்கே கொஞ்சம் குத்தலாக. கல்யாணமாகாமலே வயதான பெண்ணுக்குச் ‘சொல்தெரோனா’ என்று ஒரு சொல், ‘சாமி சிலைக்கு உடை மாற்றிக்கொண்டு இருந்துவிட்டாள்’ என்று ஒரு மரபுத்தொடர். ஆணுக்குச் ‘சொல்தெரோன்’ இருந்தாலும் அதில் அந்த விஷம் இல்லை, பாதி பாராட்டாகவே சொல்வார்கள். முதிர்கன்னி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த லட்சணம் நினைவுக்கு வருகிறதா? படித்து வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் பயன்படுத்தாதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை. காசாதோவில் வரும் ‘தோ’வை நாம் தமிழில் ‘பாதை’யில் வரும் ‘த’ போல மெதுவாகத்தானே சொல்வோம், ஸ்பானிஷிலும் அங்கே அதே மெல்லிய ஒலிதான். ‘வி’ மட்டும் உதட்டை ஒட்டிச் சொல்ல வேண்டும், வியூதா என்பது ‘பம்பரம்’ என்னும்போது நடுவில் வரும் ‘ப’ மாதிரித் தொடங்கும்.


கரும்பலகை:

கட்டிக்கொள், கட்டிக்கொடு விளக்கத்துக்கு ஒரு கும்பிடு. கோப்புக்கட்டு அண்ணா, மெயில் போட்டாயிற்று, ஐந்தாவது கட்டம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. சில பெண்களின் பெயரில் ‘தே’ வருகிறதே, ‘லோப்பெஸ் தே கார்சியா’ என்று, அதை வைத்துக் கல்யாணமானவர் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம் அந்தச் சிலி கோன்விவியென்தே?


வலென்சியா வாசல்:

பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன், நான் ஸ்பெயினில்தான் இருக்கிறேன். இங்கே பெண்ணுக்குக் கல்யாணத்தால் பெயர் மாறுவதே இல்லை. எல்லாருக்கும் இரண்டு குடும்பப்பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி, பிறந்தது முதல் சாகும்வரை அதேதான். எது முன்னால் வர வேண்டும் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம், 2017 ஜூன் கடைசியிலிருந்து அப்பா பெயர்தான் தானாக முன்னால் வரும் என்ற விதியும் போய்விட்டது. ஆகவே ஸ்பெயின்காரர்களின் பெயரில் கல்யாணத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. கணவன் மனைவிக்குக் குடும்பப்பெயர் வேறுவேறாக இருப்பதைப் பார்த்து யாரும் போலி விண்ணப்பம் என்று நிராகரித்துவிடாதீர்கள், இங்கே அதுதான் இயல்பு.

லத்தீன் அமெரிக்காவில் ‘தே’ போட்டுக் கணவர் பெயரைச் சேர்க்கும் வழக்கம் உண்டு, பெருவில் சிவில் சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது. கணவர் இறந்துவிட்டால் ‘வியூதா தே’ என்று வரும், தாளில் அதைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். ஆனால் ‘தே லா குரூஸ்’, ‘தே லெயோன்’ எல்லாம் பரம்பரைக் குடும்பப்பெயர்கள், ஆண் பெண் எல்லாருக்கும் இருக்கும். ஆகவே ‘தே’யை வைத்து முடிவு செய்வது ஆபத்து.

பேச்சு வழக்கும் ஒரு வார்த்தை. எழுத்தில் ‘எஸ்போசோ, எஸ்போசா’ அல்லது ‘கோன்யுஹே’ இருக்கும். இந்தக் கோன்யுஹே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், முன்னால் ஆணுக்கு ‘எல்’, பெண்ணுக்கு ‘லா’ என்று மட்டும் மாறும். 2005இல் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்தபோது ஸ்பெயின் சிவில் சட்டத்தில் ‘கணவன், மனைவி’ இருந்த இடங்களில் இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள். வீட்டில், கடையில் எல்லாம் என் கணவர் என்பதற்கு ‘மி மரீதோ’, என் மனைவி என்பதற்கு ‘மி முஹேர்’. இங்கே எஸ்போசா என்றால் கொஞ்சம் விறைப்பாக, வக்கீல் பேசுகிற மாதிரி இருக்கும். கடல் தாண்டிப் போனால் தலைகீழ், பல நாடுகளில் எஸ்போசாதான் மரியாதை, ‘மி முஹேர்’ முரட்டுத்தனமாகப் படலாம்.

இப்போது ரொம்பப் பேர் ‘மி பரேஹா’, என் இணை என்கிறார்கள். கல்யாணம் ஆனவரும் சொல்வார், ஆகாதவரும் சொல்வார், அதுதான் அந்தச் சொல்லின் வசதி. அது எப்போதும் பெண்பால் சொல், ஆளே ஆணாக இருந்தாலும். பரேஹா என்று பேச்சில் கேட்டால் சட்டநிலை பற்றி ஒன்றுமே தெரியாது. ‘பரேஹா தே ஏச்சோ’ என்றால் மட்டும் கவனியுங்கள், அது அந்தந்தத் தன்னாட்சிப் பகுதியின் பதிவேட்டில் பதிந்த இணை. பதிந்தாலும் அவர்களின் எஸ்தாதோ சிவில் மாறாது, சொல்தேரோ சொல்தேரோதான். ஓய்வூதியம் போன்றவற்றில் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு, அதனால் உங்கள் ஐந்தாவது கட்டத்தில் இதையும் சேருங்கள்.

ஸ்பெயினில் ‘செபராதோ’ என்று வந்தால் அது இன்னொரு கண்ணி. நீதிமன்றத்தில் பிரிந்திருந்தாலும் சட்டப்படி அவர் கல்யாணமானவர்தான், மறுமணம் முடியாது. விவாகரத்துக்கு அது முன்படியாக இருந்த காலமும் உண்டு. இங்கே விவாகரத்துச் சட்டம் 1981இல்தான் வந்தது. அதற்கு முன் 1932இல் குடியரசுக் காலத்தில் ஒன்று இருந்தது, சர்வாதிகாரி ஃபிராங்கோ வந்ததும் ஒழித்துவிட்டார்கள். அதனால் வயதானவர்களின் தாளில் செபராதோ கிடக்கும், நாற்பது வருடமாக வேறு வேறு வீட்டில் இருப்பார்கள், தாளில் கணவன் மனைவி.

உறவுச்சொல்லில் மட்டும் நமக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். சம்பந்திக்குக் ‘கோன்சுவேக்ரோ’ என்று அச்சாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சகலைக்கு ‘கோன்குன்யாதோ’, ஓரகத்திக்கு ‘கோன்குன்யாதா’. மற்ற பாஷைக்காரர்களுக்கு நான் சம்பந்தி உறவை விளக்கித் தொண்டை வற்றியிருக்கிறது, இங்கே பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரே சொல்லில் புரிந்துகொண்டார். ‘குன்யாதோ’ என்றால் மைத்துனர், மச்சான். ஆனால் ஸ்பெயினில் இப்போது யாரையாவது ‘ஒரு குன்யாதோ’ என்றால், விருந்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி அளக்கிறவன் என்று பொருள், ஜாக்கிரதை.


தெக்கத்திப்புயல்:

சரி சரி, தள்ளிவிடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாட்டுக்கு ஒரு அர்த்தம் என்றால் ஆறு பேர் வேலையை ஒருத்தர் செய்ய வேண்டும் போலிருக்கிறதே. அர்ஜென்டினாவும் சேர்ந்தால்?


கோப்புக்கட்டு:

அர்ஜென்டினாவில் 2015 ஆகஸ்டில் புதுச் சிவில் சட்டம் அமலுக்கு வந்தது, அதில் ‘உனியோன் கோன்விவென்சியால்’ என்று இருக்கிறது. இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால் சில உரிமைகள், ஆனால் சிவில் நிலை மாறாது. ஸ்பெயினின் பரேஹா தே ஏச்சோவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

சிலிதான் விதிவிலக்கு. அங்கேயும் 2015இல்தான், ‘சிவில் இணைவு ஒப்பந்தம்’ என்று ஒரு சட்டம் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவருக்குச் சட்டமே புதிதாக ஒரு சிவில் நிலையைக் கொடுக்கிறது, அதுதான் ‘கோன்விவியென்தே சிவில்’. அதாவது அவர் சொல்தேரோவும் இல்லை, காசாதோவும் இல்லை. பெருவில் வெறும் ‘கோன்விவியென்தே’ என்று எழுதியிருந்தால் அது சேர்ந்து வாழ்பவர் என்ற பேச்சுச் சொல்தான், அங்கே அடையாள அட்டையில் சொல்தேரோ என்றே இருக்கும். ‘சிவில்’ என்ற வால் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா வித்தியாசமும் அதில் இருக்கிறது.

சிலியில் இன்னொரு விசித்திரம், வயதானவர்களின் ஃபைலில் வரும். அங்கே 2004வரை விவாகரத்தே கிடையாது. பிரிய நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கல்யாணத்தைப் பதிந்த அதிகாரிக்கு அந்தப் பகுதியில் அதிகாரமில்லை, எங்கள் இருவரின் வீடும் அவர் எல்லைக்குள் இல்லை என்று சாட்சி வைத்துச் சொல்லி, கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். பொய் என்று எல்லாருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். கல்யாணம் நடக்கவே இல்லை என்றான பிறகு ஆள் பழையபடி சொல்தேரோ. பேச்சில் ‘அனுலாதோ’ என்பார்கள். ஆகவே எழுபது வயதுச் சிலிக்காரர், மூன்று பிள்ளைகள், சொல்தேரோ என்று வந்தால் தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.


கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை வந்த ஒன்று, இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள், பூட்டிவிடலாம். ஒரு மெக்சிகோப் பெண் சிவில் நிலையில் ‘கொம்ப்ரொமெத்தீதா’ என்று எழுதியிருக்கிறார். அகராதியில் சிக்கலில் மாட்டியவர், கடமைப்பட்டவர் என்றெல்லாம் வருகிறது.


வலென்சியா வாசல்:

நிச்சயமாகியிருக்கிறது என்கிறார். ஸ்பெயினில் ‘புரோமெத்தீதா’ என்போம், அங்கே இப்படி. சட்டத்துக்கு அது ஒரு நிலையே இல்லை, சொல்தேரா என்று போடுங்கள். நீங்கள் ஏற்றி முடிப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டால் அவரே புதுப் படிவம் அனுப்புவார்.